பதினோரு நிமிஷப் படகு

எனக்குக் கதை சொல்லத் தெரியாது என்று ஒருத்தர் என் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மூஞ்சிக்கு நேராக என்பதுகூடச் சரியில்லை. அவர் குப்புறப் படுத்திருந்தார். நான் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில் பலகை போட்டு எண்ணெய் தேய்க்கிறவன் நான். பெயர் குற்றாலிங்கம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்துபோயிற்று. கை ஓடும்போது வாய் சும்மா இருக்காது எனக்கு. படுத்திருக்கிறவருக்கு ஒரு கதை சொல்லுவேன். செண்பகாதேவி அருவிக்கு மேலே காட்டில் ஒற்றை யானையிடம் நான் தனியாக மாட்டிய கதை. நடந்தது, பொய்யில்லை. கேட்டவன் எல்லாம் "அடேயப்பா" என்றுதான் எழுந்து போயிருக்கிறான்.

அந்த வருஷம் சாரல் நேரம், சவுதியிலிருந்து லீவில் வந்த தென்காசிக்காரர் ஒருத்தர் வந்து படுத்தார். துல்கர்னைன் என்று பெயர். கதை முடிகிற வரைக்கும் ஒரு சத்தம் காட்டவில்லை. முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, கை தங்கம். கதைதான் சரியில்லை."

"என்ன சரியில்லை?"

"நீங்க கழுத்துல தேய்க்கும்போது யானை வருது. இடுப்புக்கு வரும்போதே ஓடிப்போயிருது. மிச்சம் ரெண்டு காலுக்கும் உங்க மச்சினன் கல்யாணத்துல பந்தி பத்தாமப் போன கதையைச் சொல்லுதீய. அதுக்கு யானை எதுக்கு?"

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இன்னொண்ணு. 'நான் பொழைச்சதே பெரிசு'ன்னு ஆரம்பிக்கீய. நீங்க பொழைச்சது எனக்குத் தெரியாதா? என் முதுகு மேலதான உக்காந்திருந்தீய. எவ்வளவு நேரம் நின்னீய, அதச் சொல்லுங்க."

கூலியை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். அன்றையிலிருந்து யானையைத் தொடங்கினால் போதும், இடுப்புக்கு வந்ததும் நாக்கு தடுக்கும். பன்னிரண்டு சீசன் இப்படி ஓடியது. அந்த ஆளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

சவுதியில், ஜுபைலில் பைப் இறக்கும்போது வலது காலில் விழுந்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் ஊரோடு வந்துவிட்டார். வந்தவர் எங்கே கடை போட்டார் என்கிறீர்கள்? என் பலகைக்கு நேர் எதிரே. நேந்திரம் சிப்ஸ் கடை. அவர் மனைவி ஹைருன் பீவி காயைச் சீவிப் போடுவார், இவர் ஒற்றைக் காலில் பாரத்தைக் கொடுத்து நின்று வறுப்பார். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை அடுப்பை விட்டு அசையாத மனுஷன், வெள்ளிக்கிழமை மட்டும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரண்டியை மனைவி கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய்விடுவார். கூட்டம் அலைமோதினாலும் ஆறு மணிக்குத்தான் வெளியே வருவார். தொழுகை என்று நான் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, கம்ப்யூட்டரில் விளையாட்டு.

நாற்பத்தாறு வயது ஆள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாள் கேட்டும்விட்டேன்.

"என்ன வே, பிள்ளைக விளையாடுததை நீரு விளையாடுதீராம்?"

"பிள்ளைக விளையாடுது. நான் ஆளைப் பாக்கப் போறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மிச்சத்தை நான் போன ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமைதான் தெரிந்துகொண்டேன். மேலே மலையில் கொட்டித் தீர்த்து, அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தது. சைரன் ஊதி எல்லாரையும் வெளியேற்றினார்கள். குளிக்கத் தடை என்றால் எனக்கும் தடைதான். தலை நிறைய எண்ணெயோடு எவன் லாட்ஜுக்குத் திரும்பிப் போவான்? பலகையை நிமிர்த்திச் சாத்திவிட்டு எதிர்க் கடையில் ஒதுங்கினேன். அடுப்பில் ஹைருன் பீவிதான் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, உள்ள இருக்காக. என்னன்னு கொஞ்சம் கேளுங்க. மூணு நாளா உப்பில்லாம வறுத்துத் தள்ளுதாக. வாங்கிட்டுப் போனவன்லாம் திரும்பி வருதான்."

உள்ளே போனேன். கம்ப்யூட்டரில் கடல், ஒரு மரப் படகுத்துறை, அதில் சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தன்.

"யாரு வே அது, ஒத்தையில நிக்கது?"

"நான்தான்."

"பக்கத்துல யாரும் இல்லையா?"

"இல்லை அண்ணாச்சி. அதான் விஷயம்."

சொன்னார். ஜுபைல் கேம்பில் ஒரே அறையில் ஆறு கட்டில். ஆறு நாட்டுக்காரன் மாதிரி ஆறு பேர். வெளியே போக வண்டி கிடையாது, போனாலும் மணல்தான். நேபாளத்துக்காரர் பஹதூர்தான் முதலில் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தாராம். இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, இவர்கள் 'தீவு' என்றே சொல்லுவார்கள். உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே வரலாம். ஆளுக்கு ஒரு உருவம். சண்டை போடலாம், வியாபாரம் பண்ணலாம். ஒரு தீவிலிருந்து மற்றதுக்குப் போக யோனா என்று ஒரு கிழட்டுப் படகுக்காரன் உண்டு. அவன் நிஜ ஆள் இல்லை, விளையாட்டைப் பண்ணின கம்பெனிக்காரன் செய்து வைத்த பொம்மை. அவன் படகில் ஏறினால் அக்கரை போகப் பதினோரு நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷமும் ஒரு வேலையும் கிடையாது. மைக்கில் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"அந்தப் பதினோரு நிமிஷத்துக்காகத்தான் அண்ணாச்சி ஆறு பேரும் வருவோம். கேம்பை மூடிட்டான். ஒருத்தன் மணிலா, ஒருத்தன் டாக்கா, ஒருத்தன் கொல்லம், பஹதூர் மலை மேல, ஒருத்தன் மட்டும் சவுதியில. ஆறு வருஷமா வெள்ளிக்கிழமை தப்புனதில்ல. மணிலாக்காரன் ஜோயலோட அம்மா மௌத்தானது எங்களுக்குப் படகுலதான் தெரியும். என் காலை எடுக்கணும்னு டாக்டர் சொன்னப்ப, 'எடுக்காத, இன்னொரு ஆளைப் பாரு'ன்னு பஹதூர் சொன்னது படகுலதான். பாருங்க, கால் இருக்கு."

"இப்ப என்ன ஆச்சு?"

"எக்ஸ்பான்ஷன் விட்டுட்டான்."

எக்ஸ்பான்ஷன் என்றால், இருக்கிற வீட்டுக்குப் பின்னால் புதிதாக ரெண்டு ரூம் இழுத்துக் கட்டுகிற மாதிரி. புதுத் தீவு, புதுக் கதை. இழுத்துக் கட்டினவன் பழைய வீட்டில் ஒரு சுவரை இடித்துவிட்டான். யோனா செத்துப்போனான். படகு போயிற்று. அதற்குப் பதில் நீலமாக ஒரு வாசல். உள்ளே கால் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் அக்கரை. கதை எப்படி என்று கேட்டால் சவ்வாய் இழுக்கிறது. ஜூனில் ஆறு பேர் வந்தார்கள். ஜூலையில் நாலு. "இதுல நான் எதுக்கு வரணும், போன்ல பேசிக்கிடலாம்" என்று முதலில் போனவர் பஹதூர். போனில் பேசிப் பார்த்தார்களாம். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை துறையில் நின்றது இவர் ஒருத்தர்தான்.

"கம்பெனிக்காரன்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"ஆயிரம் பேர் திட்டுதான். அவன் எதைக் கேப்பான்? எது தப்புன்னு சரியாச் சொல்லணும். எனக்கு ஆத்திரம்தான் வருது, சொல்ல வரலை." என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணாச்சி, உங்களுக்கு இந்தத் தீவு தெரியாது. எம்மேல பிரியமும் கிடையாது."

"அது உண்மை."

"அப்ப நீங்கதான் சரியான ஆளு. புதுக் கதையை முதல்ல இருந்து காட்டுதேன். எங்கன கொட்டாவி வருதோ, அங்கன ஒரு சிப்ஸ் எடுத்து இந்தத் தட்டுல வைங்க. பொய் வைக்கப்படாது."

குறை கண்டுபிடிக்கக் கூலியா வேண்டும்? பன்னிரண்டு வருஷமாக வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க வழி கிடைத்தது என்று உட்கார்ந்தேன். தடை மூன்று நாள் நீண்டது. மூன்று மத்தியானமும் உட்கார்ந்தேன்.

ஒரு கிழவி வந்து பதினேழு சிப்பி பொறுக்கித் தரச் சொன்னாள். கடற்கரை முழுக்க நடந்து பொறுக்கினார். கொண்டுபோய்க் கொடுத்தால், 'மேட்டுத் தெருவில் என் தம்பியிடம் கொடு' என்றாள். தம்பி ஒரு கடிதம் கொடுத்து இன்னொருத்தனிடம் அனுப்பினான். அவன் ஊரில் இல்லை. நான் சிப்ஸ் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தேன். வாய்க்குப் போகிற கையைத் தட்டுக்குத் திருப்புவது பெரும்பாடு. இரண்டாம் நாள் பாதியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"அந்தப் படகுக்காரன் எங்க வே?"

"செத்துட்டான்."

"எப்ப?"

"நீங்க பதினாலாவது சிப்ஸ் வச்சீயளே, அப்ப."

நம்பவில்லை நான். திரும்பப் போட்டுக் காட்டினார். ஒரு காவல்காரன் சொல்லுகிறான்: யோனா நேற்று இறந்துவிட்டார். நல்ல மனிதர். இனி நீங்கள் நீல வாசலில் போகலாம். மூன்று வரி. சிப்பிக்கு நாற்பது நிமிஷம், ஆறு வருஷம் துடுப்புப் போட்டவனுக்கு மூன்று வரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொம்மைக்காக எதற்குக் கோபம் என்றால், தெரியாது. வந்தது.

"செத்தவனுக்கு ஒரு சங்குகூட ஊதலையே வே!"

"அதான் அண்ணாச்சி! ஏன் மனசுல ஒட்டலை? அதைச் சொல்லத் தெரியலை எனக்கு."

"இதுல என்ன தெரியாம இருக்கு? எண்ணெய் தேய்க்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. உச்சி, காது, பிடரி, முதுகு, கை, கால். தேய்ச்ச பொறவு அரை மணி சும்மா உக்காரணும், எண்ணெய் ஊறணும். வாரவன் கேக்க மாட்டான். கீழ போலீஸ் விசில் ஊதுதான்னு ஓடிப்போய் அருவியில நிப்பான். எண்ணெய் பூராவும் பாறைக்குத்தான். வலி போகலைன்னு பொறவு என்னைச் சொல்லுவான். சும்மா உக்காருத அரை மணிதான் வே வைத்தியம். உம்ம கம்பெனிக்காரன் தேய்க்கிற நேரத்தைக் கூட்டிட்டான், ஊறுத நேரத்தை எடுத்துட்டான். சங்கதி அவ்வளவுதான்."

அவர் தட்டிலிருந்த சிப்ஸை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தார். "ரெண்டு மாசமா இதுலதான் முட்டிட்டு நிக்கேன்" என்றார்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. அன்றைக்கே பேச ஆரம்பித்து, ஒரு மணி பத்து நிமிஷம் பேசிப் பதிவு பண்ணி, நெட்டில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் கூடுகிற இடத்தில் போட்டுவிட்டார். நம் பையன்களே வந்து கேலி பண்ணினார்கள். 'மாமா, சிப்ஸ் கருகுது பாருங்க' என்று ஒருத்தன். 'படகுல உக்கார எங்களுக்கு நேரமில்லை' என்று ஒருத்தன். இவரைத் தெரிந்த எவனோ, 'நொண்டிக்குப் படகுதான் வசதி' என்று எழுதியிருந்தான். அதை அவர் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுப் போனை மாவு டப்பா மேல் வைத்தார். ஹைருன் பீவி சீவுகட்டையை நிறுத்தினார்.

நான் முழுவதும் கேட்டேன் அதை. ஒரு மணி பத்து நிமிஷமும். கேட்டுவிட்டுக் கடைக்குப் போய் நின்றேன்.

"பாய், நல்லாத்தான் பேசிருக்கீரு. யோனா எப்ப வாரான் தெரியுமா?"

"எப்ப?"

"நாப்பத்தெட்டாவது நிமிஷத்துல. அது வரைக்கும் கேம்புல சாப்பாடு நல்லா இல்லைங்கீரு, பஹதூர் குறட்டை விட்டான்ங்கீரு. என் யானையாவது கழுத்துல வந்துச்சு வே!"

ஹைருன் பீவி சிரித்த சிரிப்பில் முந்தானை வாய்க்குள் போயிற்று. பாய் கரண்டியைப் பிடித்தபடி என்னை முறைத்தார். ஒரு ஈடு சிப்ஸ் சிவக்கிற நேரம் முறைத்தார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. "பன்னெண்டு வருஷம் வச்சிருந்தீயளா இதை?" என்று கேட்டார். "சீசன் தவறாம" என்றேன்.

"சரி. இப்ப என்ன செய்ய?"

"என்ன செய்வோம்? மனு கொடுப்போம்."

அவருக்குப் புரியவில்லை. ஆனால் நமக்கு வேறு என்ன தெரியும்? தண்ணி வரவில்லையா, மனு. ரேஷன் கார்டில் பெயர் தப்பா, மனு. படகு நின்றுபோனாலும் மனுதான். வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீஸுக்கு எதிரே வேப்பமரத்தடியில் முப்பிடாதியம்மாள் என்று ஒரு அக்கா முப்பது வருஷமாக மனு எழுதுகிறார். என் தங்கச்சி உதவித்தொகைக்கு அவர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்துக்கு மூன்றாம் வாரமே ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை பஸ் ஏறினோம். ஸ்டூலில் பாயை உட்காரவைத்துவிட்டு நான் நின்றேன்.

"யாரு மேல மனு?" என்றார் அக்கா.

"கம்பெனி மேல."

"எந்த ஊரு கம்பெனி?"

"வெளிநாடு."

அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார். துல்கர்னைன் பாய் தொடங்கினார். கேம்ப், ஆறு கட்டில், பஹதூர்... அக்கா கையைக் காட்டினார்.

"பாய் தம்பி, செத்த நில்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்? ஒரு வார்த்தையில."

பாய் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "படகு வேணும்" என்றார்.

"அப்படிச் சொல்லுங்க. முதல்ல வேண்டியதைக் கேக்கணும். பொறவு காரணம். கடைசியில கையெழுத்து. திட்டப்படாது. திட்டுன மனு கட்டுக்கு அடியில போயிரும். கதைக்கு அங்கன யாரு அதிகாரி?"

"ரைட்டர்னு ஒருத்தர் இருப்பாரு."

"தலைமைக் கதை அலுவலர்னு போடுதேன். பதவியைக் கூட்டிப் போட்டா எவனும் கோவிக்க மாட்டான்."

ஒரே பக்கம். இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். 'பொருள்: நிறுத்தப்பட்ட பதினோரு நிமிடப் படகுப் போக்குவரத்தை மீண்டும் இயக்கித் தரக் கோருதல், தொடர்பாக. ஐயா, நாங்கள் மேற்படி தீவில் ஆறு ஆண்டுகளாகப் புழங்கி வருகிறோம்.' அதற்குக் கீழே நாலு கோரிக்கை. ஒன்று, படகைத் திரும்ப விட வேண்டியது. அவசரக்காரர்களுக்கு நீல வாசலும் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு, படகோட்டி யோனாவின் மரணத்தை அவருடைய ஆறு ஆண்டுப் பணிக்கு ஏற்ற முறையில், உரிய நேரம் கொடுத்து நடத்திக் கொடுக்க வேண்டியது. மூன்று, கடிதம் சுமக்கும் வேலைகளைக் குறைக்க வேண்டியது. நாலு, பதினேழு சிப்பியை ஐந்தாகக் குறைக்க வேண்டியது. காரணம் என்ற இடத்தில் என் எண்ணெய் முறையை நாலே வரியில் இறக்கினார் அக்கா. 'எண்ணெய் ஊறுமுன் அருவியில் நின்றவனுக்கு வலி தீராது. கதையும் அவ்வாறே.'

ஆறு பேர் பெயர், தகப்பனார் பெயர், முழு முகவரி. மற்ற ஐந்து பேரும் கையெழுத்தைப் படம் பிடித்து அனுப்பினார்கள். பஹதூர் கையெழுத்து மட்டும் எட்டு நாள் கழித்து வந்தது, ஒரு வார்த்தை இல்லாமல். அடியில் சாட்சி: குற்றாலிங்கம், எண்ணெய்த் தொழிலாளி. வாசுதேவநல்லூரில் ஸ்கூல் டீச்சராக இருக்கிற ஹைருன் பீவியின் தங்கச்சி சமீனா அதை வரிக்கு வரி இங்கிலீஷில் ஆக்கிக் கொடுத்தார்; ஊறுவதற்கு மட்டும் இங்கிலீஷ் கிடைக்காமல் 'ஊறலை' என்று தமிழிலேயே விட்டுவிட்டார். மனுவைப் படம் எடுத்து, கீழே இங்கிலீஷையும் சேர்த்து, பாய் அதே இடத்தில் போட்டார்.

கம்பெனிக்கு எவனாவது தகப்பனார் பெயர் போட்டு எழுதுவானா? நாங்கள் எழுதினோம். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தன், போலந்து என்கிற தேசமாம், சிரிக்காமல் கீழே தன் பெயரைப் போட்டான். தகப்பனார் பெயரும் போட்டான். பார்த்துவிட்டு அடுத்தவன் போட்டான். ராத்திரி கடை அடைக்கும்போது முந்நூறு. மறுநாள் மத்தியானம் நாலாயிரம். பிரேசில்காரன் கதவு எண்ணோடு விலாசம் எழுதியிருக்கிறான். இன்ன காட்சி ஊறவில்லை, அந்த இடம் ஊறவில்லை என்று அவனவன் பாஷைக்கு நடுவில் 'ஊறலை' என்ற நம் வார்த்தையைப் போட்டு எழுதுகிறான். 'சிப்ஸ் கருகுது' என்று எழுதின பையன் வந்து, 'மாமா, என் பேரையும் சேத்துக்கோங்க, ஊரு சுரண்டை' என்றான். பாய் ஒவ்வொருத்தனுக்கும் 'மனுதாரராகச் சேர்க்கப்பட்டீர்' என்று பதில் போட்டார். அந்த வாரம் சிப்ஸில் உப்பு சரியாக இருந்தது.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. கம்பெனியின் கதை எழுதுகிற அம்மாள் ஒருத்தர் தன் பெயரைப் போட்டு எழுதியிருந்தார். 'தலைமைக் கதை அலுவலர்' என்றே கையெழுத்து. கோரிக்கை ஒன்று ஏற்கப்படுகிறது. இரண்டு ஏற்கப்படுகிறது, அதை அவசரத்தில் எழுதியதற்கு வருந்துகிறோம். மூன்று ஏற்கப்படுகிறது. நாலு, சிப்பி பதினேழுதான், மாற்ற இயலாது.

பாய் அதை வாசித்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி என் பலகைக்கு வந்தார். செருப்புப் போடாமல் வந்தார். என் கைக்கு அடியில் மதுரைக்காரர் ஒருத்தர் படுத்திருந்தார்.

"அண்ணாச்சி, படகு!"

மதுரைக்காரர் தலையைத் தூக்கி, "வெள்ளமா?" என்றார்.

முப்பிடாதியம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னோம். "நாலுக்கு மூணா? சிப்பிக்கு மேல்முறையீடு பண்ணிருவமா?" என்று கேட்டார்.

படகு வந்தது டிசம்பரில், ஐயப்ப சீசனில். ரோடு முழுக்கக் கறுப்பு வேட்டி. தொழிலில் இறங்கியதிலிருந்து சீசன் நாளில் ஐந்து மணிக்குப் பலகையை நிமிர்த்திச் சாத்தினதில்லை நான். அன்றைக்குச் சாத்தினேன். "சாமி, தேய்ப்பீங்களா?" என்று கேட்டவரிடம், "இன்னைக்கு இல்லை சாமி, அடுத்த பலகைக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினேன்.

துறையில் படகு கிடந்தது. யோனா உயிரோடு உட்கார்ந்திருந்தான். ஜோயல் வந்தார். கொல்லத்துக்காரர் வந்தார். டாக்கா வந்தது, சவுதி வந்தது. பாய் படகுக் கயிற்றுப் பக்கத்தில் நின்றார். கயிற்றை அவிழ்த்தால் படகு கிளம்பிவிடும்.

ஐந்தேகால். கொல்லத்துக்காரர், "பாயி, போகாம். அவன் வரில்லா" என்றார். பாய் அசையவில்லை. ஐந்து இருபது. ஹைருன் பீவி கல்லாவை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் கயித்தை அவுக்கலையா?"

"ஆறு பேர் மனு. ஆறு பேரும்தான் ஏறணும்" என்றார் பாய். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். காலை அமுக்கிக்கொண்டிருந்தார், வலி வந்தால் அப்படித்தான் அமுக்குவார்.

ஐந்து இருபத்தாறுக்குத் துறையின் அந்த மூலையில் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், எந்த பாஷை என்று எனக்குத் தெரியவில்லை. பஹதூர்தான். மேலே மலையில் கரண்ட் இல்லையாம், கடைத்தெருவுக்கு ஒன்றரை மணி நேரம் நடந்து இறங்கி வந்திருக்கிறார். மூச்சு வாங்குவது எங்களுக்குக் கேட்டது. ஹைருன் பீவி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே சாமிமார்கள் சிப்ஸ் கேட்டுக் கூப்பிட்டது யார் காதிலும் விழவில்லை.

கயிற்றை அவிழ்த்தார்.

யோனா துடுப்புப் போட்டான். கொஞ்ச தூரத்தில் அவன் கை தளர்ந்தது. துடுப்பை ஜோயலிடம் நீட்டினான். அவர் போட்டார். பிறகு டாக்கா, பிறகு கொல்லம். யோனா ஒன்றும் பேசவில்லை, கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தரம், "இந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும், இடது பக்கம் பிடி" என்றான். கடைசித் துடுப்பு பாய் கையில். அக்கரை வந்தது. ஆறு பேரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. முழுசாகப் பதினோரு நிமிஷம். பக்கத்தில் தட்டு நிறைய சிப்ஸ் இருந்தது. நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

யோனாவை மேட்டில் அடக்கம் பண்ணினார்கள். அதற்கும் நேரம் கொடுத்திருந்தான் கம்பெனிக்காரன். திரும்பி வரப் படகு இவர்களுடையது. இனி யார் வேண்டுமானாலும் துடுப்புப் போட்டுக்கொள்ளலாம். பஹதூர் போட்டார். ஆறு மாசம் கழித்துச் சேர்ந்த ஆறு பேர், ஒருத்தர் வாயிலும் ஒரு சொல் இல்லை. துடுப்புச் சத்தம் மட்டும்தான். யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது.

இரண்டு நிமிஷம் அப்படியே போயிற்று. துல்கர்னைன் பாய் என் பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைக்கவில்லை. மைக்கைப் பிடித்து என் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தார்.

"அண்ணாச்சி, கரைக்கு இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு. அந்த யானையைச் சொல்லுங்க. நான் கேம்புல பேசின இந்தியில மாத்திச் சொல்லுதேன்."

"என் கதைதான் சரியில்லையே வே."

"ஒம்பது நிமிஷமும் அது அங்கனயே நிக்கட்டும். இடுப்புக்கு வந்ததும் விரட்டிராதீய."